நின்றுபோனால் என்ன ஆகும்? வீட்டில் சர்வர் ஓட்ட நினைப்பவருக்கு

கேள்வி இதுதான்: வீட்டில் பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. கூகுள் இலவசமாகத் தரும் 15 ஜிபி நிறைந்துவிட்டது. ஃபைபர் இணைப்பு இருக்கிறது, ஆனால் நிலையான ஐபி (மாறாத இணைய முகவரி) கிடைக்காது என்கிறார்கள். குடும்பப் படங்கள், சினிமா, முடிந்தால் சொந்த மின்னஞ்சல் எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு சர்வரில், அதாவது எப்போதும் ஓடிக்கொண்டு மற்றக் கருவிகள் கேட்பதைத் தரும் கணினியில், ஓட்ட முடியுமா? எவ்வளவு செலவாகும்? பாதுகாப்பாக இருக்குமா?

ஓட்டலாம். மின்னஞ்சலை மட்டும் விட்டுவிடுங்கள், காரணம் கீழே வருகிறது. நிலையான ஐபி தேவையே இல்லை. பழைய டெஸ்க்டாப்பில் தாராளமாகத் தொடங்கலாம், ஆனால் அதையே வருடக்கணக்கில் ஓடவிட்டால் கரண்ட் பில்லில் தெரியும். பணம் மிச்சமாகும் என்ற எண்ணம் இருந்தால் அதையும் இப்போதே எடுத்துவிடுங்கள். கூகுளிடம் 100 ஜிபி வாங்க மாதம் 130 ரூபாய் அளவில்தான் ஆகும். இடம் மட்டும்தான் பிரச்சினை என்றால் அதைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்கலாம். உங்கள் படங்கள் உங்கள் கையில் இருக்க வேண்டும், இதெல்லாம் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்ள வேண்டும் என்ற ஆசை இருந்தால் மேலே படியுங்கள்.

எதை முதலில் நிறுவுவது என்று கேட்டால் ஆளுக்கொரு பட்டியல் தருவார்கள். பட்டியலில் இருப்பவை பெரும்பாலும் நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் நான் போடும் கணக்கு வேறு. இந்தச் சேவை ஒரு நாள் முழுக்க நின்றுபோய், அன்றைக்கு நீங்களும் ஊரில் இல்லை என்றால் வீட்டில் என்ன நடக்கும்? ஒன்றும் நடக்காது என்றால் உடனே நிறுவுங்கள். போன் செய்து திட்டுவார்கள் என்றால் கொஞ்சம் யோசித்துச் செய்யுங்கள். ஏதாவது ஒன்று திரும்பக் கிடைக்காமல் தொலைந்துபோகும் என்றால், அதற்கான ஏற்பாட்டை முடித்துவிட்டு அப்புறம் நிறுவுங்கள்.

முதலில் எந்திரம். தமிழ்நாட்டில் வீட்டு மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை, முதல் 100 யூனிட் இலவசம், அதற்குமேல் படிப்படியாக விலை ஏறும். சர்வர் இரவு பகல் ஓடும் பொருள். அறுபது நாளுக்கு 1,440 மணி நேரம். சும்மா இருக்கும்போதே 60 வாட் இழுக்கும் பழைய டெஸ்க்டாப் அந்த இரண்டு மாதத்தில் 86 யூனிட் தின்றுவிடும். இலவசமாக வரும் 100 யூனிட்டில் பெரும்பகுதி அதற்கே போய், வீட்டின் மின்விசிறியும் ஃபிரிட்ஜும் மேல்படிக்கு ஏறுகின்றன. ஏசி ஓடும் வீடு என்றால் இந்த 86 யூனிட் உங்களை 500 யூனிட் கோட்டுக்கு அப்பால் தள்ளிவிடக்கூடும். அந்தக் கோட்டைத் தாண்டினால் கீழ்ப்படியில் கிடைத்த சலுகையும் குறையும். ஆகவே சர்வரின் செலவை அதன் யூனிட்டை வைத்து மட்டும் கணக்குப் போடாதீர்கள், வீட்டின் மொத்த யூனிட் எந்தப் படியில் நிற்கிறது என்று பாருங்கள்.

இதே வேலையைப் பத்து வாட்டில் செய்யும் எந்திரங்கள் இருக்கின்றன. அலுவலகங்கள் குத்தகை முடிந்து திருப்பிக் கொடுக்கும் சின்னக் கணினிகள்: லெனோவோ திங்க்சென்டர் டைனி, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ, ஹெச்பி எலைட்டெஸ்க் மினி. ஒரு தடிமனான புத்தகத்தின் அளவுதான். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரியான இடங்களில் ரீஃபர்பிஷ்டு என்று விற்பார்கள், இணையத்திலும் கிடைக்கும். இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்கு மேல் பார்த்து வாங்குங்கள். வீடியோவை ஒரு வடிவத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் குவிக் சிங்க் வசதி சிப்பிலேயே இருப்பதால் சினிமா பார்க்கும்போது ப்ராசஸர் திணறாது. புதிதாகத்தான் வேண்டும் என்றால் 2023-ல் வந்த இன்டெல் என்100 சிப் கொண்ட மினி பிசி போதும். இப்படி ஒன்று பத்து வாட்டில் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 14 யூனிட்தான்.

சில சமயம் அலுவலக அலமாரிகளில் அடுக்கும் பழைய ரேக் சர்வர்கள் ஆச்சரியமான மலிவில் கண்ணில் படும். படங்களில் பார்க்கக் கம்பீரமாக இருக்கும். சும்மா இருக்கும்போதே 150 வாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 216 யூனிட், கூடவே அதன் விசிறிச் சத்தத்தில் அந்த அறையில் யாரும் தூங்க முடியாது. வேண்டாம்.

ராஸ்பெரி பை என்ற உள்ளங்கை அளவுக் கணினி பற்றியும் கேட்பார்கள். நல்ல பொருள்தான், ஆனால் எஸ்டி கார்டில் டேட்டாபேஸ் (சேவைகள் தங்கள் தகவலைச் சேர்த்துவைக்கும் கிடங்கு) ஓட்டாதீர்கள். ஓயாமல் எழுதினால் கார்டு சீக்கிரம் செத்துப்போகும். யுஎஸ்பி வழியாக ஒரு எஸ்எஸ்டி போட்டுவிட்டால் சரி. அதற்குள் பெட்டி, அடாப்டர், எஸ்எஸ்டி என்று எல்லாம் சேர்த்துப் பார்த்தால் மினி பிசியின் விலைக்கு வந்துவிடும்.

அடுத்தது கரண்ட் கட். மாதாந்திரப் பராமரிப்பு என்று காலை ஒன்பது மணிக்கு நிறுத்தினால் மதியமோ மாலையோதான் வரும். அது முன்கூட்டியே தெரியும் என்பதால் பெரிய தொல்லை இல்லை. ஒரு நொடி போய் உடனே வரும் வெட்டுதான் ஆபத்து. எழுதிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனால் டேட்டாபேஸ் பாதியில் நிற்கும். வீட்டு இன்வெர்ட்டர் இருக்கிறதே என்பார்கள். ஃபேனுக்கும் விளக்குக்கும் போதுமான வேகத்தில்தான் அது மாறும், கணினி அதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடலாம். பல இன்வெர்ட்டர்களில் பின்னால் யுபிஎஸ் மோட் என்று ஒரு சுவிட்ச் இருக்கும், அதைப் போட்டால் வேகமாக மாறும். இல்லையென்றால் 600 விஏ யுபிஎஸ் ஒன்று வாங்குங்கள், யுஎஸ்பி போர்ட் உள்ளதாகப் பார்த்து. அந்த ஒயரைச் சர்வரில் செருகி நட் என்ற மென்பொருளை நிறுவினால், பேட்டரி குறையும்போது சர்வர் தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

மூடினது திரும்ப எழ வேண்டுமே! பயாஸில் (கணினி எழும்போதே வரும் அடிப்படை அமைப்புத் திரை) போய், கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் தேர்வைப் போட்டுவையுங்கள். பலர் மறப்பது இதைத்தான். நீங்கள் கோயம்புத்தூரில் இருக்கும்போது வீட்டில் சர்வர் அணைந்து கிடக்கும், பவர் பட்டனை அமுக்கச் சொல்லி அம்மாவுக்குப் போனில் விளக்கிக்கொண்டிருப்பீர்கள். இதில் இன்னொரு முடிச்சும் இருக்கிறது. டிஸ்க் முழுவதையும் என்கிரிப்ட் செய்து, அதாவது பாஸ்வேர்டு இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டி, வைத்திருந்தால் ஒவ்வொரு முறை எழும்போதும் பாஸ்வேர்டு கேட்டு நிற்கும். திருட்டுக்குப் பயந்தால் தானாக எழாது, தானாக எழ வேண்டும் என்றால் திருட்டுக்குக் கதவு திறந்திருக்கும். வீட்டுக்குள் இருக்கும் டிஸ்க்கை என்கிரிப்ட் செய்யாமல், வெளியே போகும் பேக்கப்பை மட்டும் கட்டாயம் என்கிரிப்ட் செய்வது என் வழக்கம். உங்கள் வீட்டுச் சூழலைப் பார்த்து நீங்கள் முடிவு செய்யுங்கள்.

நிலையான ஐபி இல்லாத விஷயத்துக்கு வருவோம். உண்மையில் உங்களுக்கு இல்லாதது நிலையான ஐபி மட்டுமல்ல, சொந்தமான ஐபி முகவரியே இல்லாமல் இருக்கலாம். ரவுட்டரின் பக்கத்துக்குள் போய் வான் (WAN) முகவரி, அதாவது வெளி இணையப் பக்கம் ரவுட்டருக்குக் கிடைத்த முகவரி, என்ன என்று பாருங்கள். அது 100.64-க்கும் 100.127-க்கும் இடையில் தொடங்கினால் நீங்கள் சிஜிநாட் (CGNAT) என்ற முகவரிப் பகிர்வுக்குப் பின்னால் இருக்கிறீர்கள். 10 என்று தொடங்கினாலும் அதே கதைதான். உங்களைப் போலப் பல வீடுகள் சேர்ந்து வெளியுலகுக்கு ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. அதனால் வெளியிலிருந்து வருவதைச் சர்வருக்குத் திருப்பிவிட ரவுட்டரில் எத்தனை போர்ட் ஃபார்வர்டு போட்டாலும் ஒன்றும் வந்து சேராது. பல நாள் மண்டையைப் பிய்த்துக்கொள்வதற்கு முன் இந்த ஒரு எண்ணைப் பார்த்துவிடுங்கள்.

இது உங்கள் நிறுவனத்தின் கஞ்சத்தனம் மட்டுமல்ல. உலக அளவில் பங்கிட்டுக் கொடுக்க வைத்திருந்த ஐபிவி4 என்ற பழைய வகை முகவரிகள் 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துவிட்டன. இந்தியாவில் வீடுகளுக்கு ஃபைபர் பரவலாக வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. சிஜிநாட்டுக்காகவே 100.64 வரிசை 2012-ல் தனியாக ஒதுக்கப்பட்டது. தாமதமாக வந்ததில் ஒரு லாபமும் உண்டு: ஐபிவி6 என்ற புதிய வகை முகவரியின் பயன்பாட்டில் இந்தியா உலகில் முன்வரிசையில் இருக்கிறது. உங்கள் இணைப்பில் ஐபிவி6 இருந்தால் வீட்டில் ஒவ்வொரு கருவிக்கும் உண்மையான பொது முகவரி இருக்கும். ஆனால் நீங்கள் அலுவலகத்திலோ விடுதியிலோ ஐபிவி4 மட்டும் உள்ள இணைப்பில் உட்கார்ந்திருந்தால் அது உதவாது, முகவரியும் அவ்வப்போது மாறும். அதை மட்டும் நம்ப வேண்டாம்.

நடைமுறையில் சுலபமான வழி டெயில்ஸ்கேல் என்ற மென்பொருள். உள்ளே ஓடுவது வயர்கார்டு, 2020-ல் லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னலிலேயே சேர்ந்துவிட்ட விபிஎன், அதாவது கருவிகளுக்கு இடையே பூட்டிய தனிப்பாதை. சர்வரில் ஒன்று, போனில் ஒன்று நிறுவி ஒரே கணக்கில் நுழைந்தால் இரண்டும் எங்கே இருந்தாலும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். சிஜிநாட்டைத் துளைத்து நேரடியாகப் பேச முயலும், முடியாவிட்டால் அவர்களின் இடைச்சர்வர் வழியாகப் போகும், வேகம் கொஞ்சம் குறையும். தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம். டெயில்ஸ்கேல் தரும் முகவரியும் 100 என்றே தொடங்கும், அதைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். இன்னொரு கம்பெனியை நம்புவதா என்று கேட்டால் ஹெட்ஸ்கேல் என்று, அந்தக் கம்பெனியின் வேலையை நாமே ஓட்டிக்கொள்ளும் சர்வர் மென்பொருள் இருக்கிறது, ஆனால் அதை வைக்கப் பொது ஐபி உள்ள வெளியிடம் ஒன்று வேண்டும். முதல் வருடத்தில் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

இப்படிச் செய்வதில் இன்னொரு நன்மை: உங்கள் சர்வர் பொது இணையத்தின் கண்ணில் படவே படாது. இதை நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற ரான்சம்வேர் கியூநாப் நிறுவனத்தின் கோப்புச் சேமிப்புப் பெட்டிகளைத் தாக்கியது. நேரடியாக இணையத்தில் திறந்துவைத்திருந்த பெட்டிகள்தான் மாட்டின, கோப்புகளைப் பூட்டிவிட்டு 0.03 பிட்காயின் கேட்டது. அதற்கு முந்தைய வருடம் ஜூனில் வெஸ்டர்ன் டிஜிட்டலின் மை புக் லைவ் டிஸ்க்குகள் உலகம் முழுக்கத் தூரத்திலிருந்தே அழிக்கப்பட்டன. அந்தப் பொருளுக்கு 2015-க்குப் பிறகு அப்டேட்டே வந்திருக்கவில்லை.

இவற்றைவிட எனக்கு முக்கியமாகப் படுவது லாஸ்ட்பாஸ் விவகாரம். 2022-ல் அந்தப் பாஸ்வேர்டு நிறுவனத்திலிருந்து வாடிக்கையாளர்களின் பேக்கப் திருடுபோனதற்கு ஒரு வழி, அங்கே வேலை செய்த பொறியாளர் ஒருவரின் வீட்டுக் கணினி. அதில் பிளெக்ஸ் ஓடிக்கொண்டிருந்தது. நீங்கள் சினிமாவுக்காகப் போட நினைக்கும் அதே ரகம். அந்தப் பதிப்பில் இருந்த ஓட்டையை பிளெக்ஸ் 2020 மே மாதமே அடைத்து வெளியிட்டிருந்தது, அந்தக் கணினியில் அப்டேட் செய்யப்படவில்லை. திருடர்கள் அதன் வழியே நுழைந்து, விசைப்பலகையில் அடிப்பதைப் பதிவு செய்யும் நிரலை வைத்து, நிறுவனத்தின் பெட்டகச் சாவியையே எடுத்துவிட்டார்கள். வீட்டில் வைத்திருக்கும் சின்னச் சர்வரை யார் சீண்டப்போகிறார்கள் என்று சொல்பவரிடம் இதைச் சொல்லுங்கள். சர்வரில் டெபியன் என்ற லினக்ஸ் வகையைப் போட்டால் பாதுகாப்பு அப்டேட்டுகளைத் தானாக நிறுவும் வசதி இருக்கிறது, அதைப் போட்டுவையுங்கள். டாக்கரில் (ஒவ்வொரு சேவையையும் தனிப் பெட்டிக்குள் ஓட்டும் மென்பொருள்) ஓடுபவற்றை, வெளியீட்டுக் குறிப்பைப் படித்துவிட்டு, நீங்கள் வீட்டில் இருக்கும் நாளில் கையால் அப்டேட் செய்யுங்கள்.

டாக்கர் பற்றிப் பேசும்போதே ஒரு சூட்சுமம். யுஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வாலில் (வெளியிலிருந்து வருவதைத் தடுக்கும் காவல்) எல்லாவற்றையும் அடைத்துவிட்டதாக நினைப்பீர்கள். டாக்கர் தன் போர்ட்டுகளை (சேவைகளின் வாசல் எண்களை) அதற்கு அடியில் போய்த் தானே திறந்துகொள்ளும், உங்கள் விதிகள் அதைத் தொடாது. போர்ட் எண்ணுக்கு முன்னால் 127.0.0.1 என்று சேர்த்து எழுதினால் அந்த எந்திரத்துக்குள் மட்டும் திறக்கும். அதற்கு முன்னால் கேடி (Caddy) மாதிரி ஒரு ரிவர்ஸ் ப்ராக்ஸியை, அதாவது வருபவரை உரிய சேவைக்கு அனுப்பும் வாசல்காரரை, உட்கார வைத்துவிடலாம். சொந்த டொமைன் (இணையப் பெயர்) ஒன்று வாங்கினால், லெட்ஸ் என்கிரிப்ட் தரும் பாதுகாப்புச் சான்றிதழை டிஎன்எஸ் (பெயரை முகவரியாக மாற்றும் அமைப்பு) வழியே சரிபார்த்து வாங்க முடியும். அதற்கு எந்தப் போர்ட்டையும் வெளியே திறக்க வேண்டியதில்லை. பிரவுசரின் எச்சரிக்கையும் வராது, சர்வரும் வீட்டுக்குள்ளேயே இருக்கும்.

சரி, இனி சேவைகள். படங்களுக்கு இம்மிச் போடுங்கள். 2022-ல் தொடங்கிய திட்டம், 2025 அக்டோபரில்தான் நிலையான பதிப்பு என்று 2.0 வந்தது. போன் ஆப் தானாகப் படங்களை அனுப்பும், முகங்களைப் பிரித்து வைக்கும், வரைபடத்தில் காட்டும். வார்த்தை கொடுத்துத் தேடும் வசதி முதலில் ஆங்கிலத்துக்கானது. அமைப்புகளில் பன்மொழி மாடலுக்கு மாற்றி ஒருமுறை எல்லாப் படங்களையும் மறுபடி படிக்கவிட்டால், கோலம் என்று தமிழில் அடித்துத் தேடலாம். கூகுளிலிருந்து டேக்அவுட் என்ற வசதி மூலம் இறக்கும்போது கவனம்: எடுத்த தேதி போன்ற விவரங்களில் ஒரு பகுதி படத்துக்குள் இல்லாமல் பக்கத்திலேயே தனி ஜேசன் கோப்பாக வரும். படங்களை மட்டும் எடுத்துப் போட்டால் பத்து வருடத்துக் கல்யாணங்கள் எல்லாம் ஒரே நாளில் நடந்ததாகக் காட்டும் வாய்ப்பு உண்டு. இம்மிச்-கோ என்ற கருவி இரண்டையும் சேர்த்தே ஏற்றும். பேக்கப் எடுக்கும் வரை கூகுளில் இருப்பதை அழிக்காதீர்கள்.

சினிமாவுக்கு ஜெல்லிஃபின். 2018 டிசம்பரில் எம்பி (Emby) என்ற மென்பொருளிலிருந்து பிரிந்து வந்தது, முழுக்கத் திறந்த மூலம், எந்தக் கம்பெனிக் கணக்கும் கேட்காது. நின்றுபோனால் அன்றைக்கு வேறு ஏதாவது பார்ப்பார்கள். ஆகவே தொடங்குவதற்கு இதுதான் மிகப் பொருத்தம். இதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை.

தாள்களுக்குப் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். வீட்டு சர்வரில் எனக்கு மிகவும் பயன்படுவது அதுதான், தமிழில் அதைப் பற்றி எழுதியவர்களும் குறைவு. ஒரு ஃபோல்டரில் ஸ்கேனைப் போட்டால், அதிலுள்ள எழுத்துகளைப் படித்து, தேடும்படி வைத்துக்கொள்ளும். உள்ளே படிப்பது டெசராக்ட் என்ற மென்பொருள். அதற்குத் தமிழ் தெரியும், ஆனால் முதலில் நிறுவும்போது தமிழ்ப் பொதி இருக்காது. அமைப்பில் தமிழைச் சேர்த்து, தமிழும் ஆங்கிலமும் சேர்த்துப் படி என்று சொல்ல வேண்டும். சொத்து வரி ரசீது, குடும்ப அட்டை நகல், பட்டா, இ.பி. பில், கல்யாணப் பத்திரிகை எல்லாம் அச்செழுத்தாக இருந்தால் நன்றாகவே படிக்கும். தாத்தா காலத்துக் கையெழுத்துப் பத்திரத்தில் ஒன்றும் தேறாது. அதற்குத் தலைப்பையும் சர்வே எண்ணையும் நீங்களே தட்டச்சு செய்துவிடுங்கள்.

இதில் தமிழுக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறிமுறைக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த பிடிஎஃப்கள் இன்னும் ஏராளமாகச் சுற்றுகின்றன. இங்கே வானவில், இலங்கையில் பாமினி. திறந்து பார்த்தால் அழகான தமிழ். அதையே காப்பி செய்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியீடுமாக ஏதோ விழும். பேப்பர்லெஸ் முதலில் இருக்கும் அமைப்பில், பிடிஎஃபுக்குள் ஏற்கெனவே எழுத்து இருந்தால் அதையே நம்பி எடுத்துக்கொள்ளும், படத்தைப் படிக்காது. விளைவு, அந்தக் கோப்பு உங்கள் தேடலில் எப்போதும் வராது, ஏன் வரவில்லை என்றும் தெரியாது. எழுத்து இருந்தாலும் கட்டாயம் படத்திலிருந்து படி என்ற ஃபோர்ஸ் முறைக்கு மாற்றி அந்தக் கோப்புகளை மறுபடி ஏற்றினால் சரியாகிவிடும். எல்லாவற்றுக்கும் ஃபோர்ஸ் வைத்தால் நேரமும் இடமும் வீண், பழைய எழுத்துருக் கோப்புகளுக்கு மட்டும் செய்யுங்கள்.

பாஸ்வேர்டுகளுக்கு வால்ட்வார்டன். பிட்வார்டன் ஆப்களோடு பேசும் சின்னச் சர்வர் அது. கேட்கப் பயமாக இருந்தாலும் என் கணக்குப்படி இது அவ்வளவு ஆபத்தில்லை. போனில் இருக்கும் ஆப் ஏற்கெனவே வாங்கிய பாஸ்வேர்டுகளைப் பூட்டிய நிலையில் தன்னிடமே வைத்திருக்கும், சர்வர் படுத்திருந்தாலும் படிக்க முடியும். புதிதாகச் சேர்க்கத்தான் முடியாது. பேக்கப் மட்டும் உறுதியாக இருக்க வேண்டும்.

எல்லோரும் முதல் நாளே நிறுவும் பை-ஹோல்தான் உண்மையில் வீட்டில் சண்டை மூட்டும் ஆள். விளம்பரங்களைத் தடுக்கும், நல்லதுதான். ஆனால் வீட்டின் டிஎன்எஸ் முழுக்க அதன் வழியாகப் போவதால், சர்வர் ஐந்து நிமிடம் ரீஸ்டார்ட் ஆனாலும் மொத்த வீட்டுக்கும் இன்டர்நெட் போய்விட்டது என்றுதான் படும். மாற்றுக்கு இரண்டாவது டிஎன்எஸ்ஸாக கூகுளுடையதைப் போடலாமே என்றால், கருவிகள் இரண்டில் எதை வேண்டுமானாலும் கேட்கும், பாதி விளம்பரம் அந்த வழியாக வந்துவிடும். இதை மட்டும் தனியாக ஒரு சின்ன ராஸ்பெரி பையில் போட்டுத் தொடாமல் விட்டுவிடுங்கள். யூடியூப் விளம்பரம் இதில் நிற்காது என்பதையும் வீட்டில் முன்பே சொல்லிவிடுங்கள். வீடியோ வரும் அதே முகவரிகளிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது.

மின்னஞ்சல். மென்பொருளை நிறுவுவது ஒரு மாலை வேலைதான். நீங்கள் அனுப்பும் கடிதம் எதிராளியின் இன்பாக்ஸில் விழ வேண்டுமே, அங்கேதான் கதை முடிகிறது. வீட்டு இணைப்புகளில் கடிதம் அனுப்ப வேண்டிய 25-ஆம் போர்ட்டைப் பெரும்பாலும் அடைத்துவைத்திருப்பார்கள். ஸ்பாம்ஹவுஸ் என்ற அமைப்பு வீட்டு ஐபி வரிசைகளைத் தனிப் பட்டியலாகவே வைத்திருக்கிறது, அதிலிருந்து நேரடியாக வரும் கடிதங்களைப் பல சர்வர்கள் வாசலிலேயே திருப்பிவிடும். உங்கள் ஐபிக்கு ரிவர்ஸ் டிஎன்எஸ் (முகவரியிலிருந்து பெயரைச் சொல்லும் பதிவு) வைக்க நிறுவனம் விடாது. 2024 பிப்ரவரியிலிருந்து கூகுளும் யாஹூவும், அனுப்பியவர் உண்மையானவர்தானா என்று சரிபார்க்கும் எஸ்பிஎஃப், டிகிம், டிமார்க் விதிகளை இன்னும் இறுக்கிவிட்டன. அது மட்டுமல்ல, வங்கி ஓடிபி, வேலைக்கான அழைப்பு, பாஸ்வேர்டு மாற்றும் இணைப்பு எல்லாம் வந்து சேரும் இடம் அது. கரண்ட் கட்டான நாளில் அது நின்றால் நான் மேலே சொன்ன கணக்கில் மூன்றாவது வகை.

அதற்குப் பதிலாகச் சொந்த டொமைனை வாங்கி, சென்னையிலிருந்து இயங்கும் ஸோஹோ உட்பட ஏதாவது ஒரு சேவையிடம் அந்த டொமைனுக்கான மின்னஞ்சலைக் கொடுங்கள். பெயர் உங்களுடையது. நாளைக்கு அவர்கள் பிடிக்காவிட்டால் டிஎன்எஸ்ஸில் சில வரிகளை மாற்றி இன்னொருவரிடம் போய்விடலாம், முகவரி மாறாது. சொந்தச் சர்வரில் கிடைக்கும் சுதந்திரத்தில் முக்கியமான பங்கு இதிலேயே வந்துவிடுகிறது.

பேக்கப்புக்கு வருகிறேன். இரண்டு டிஸ்க்கை ரெய்டில் (ஒன்றில் எழுதுவதை மற்றதிலும் எழுதும் முறை) போட்டுவிட்டேன், அதுதான் பேக்கப் என்பவர்கள் நிறையப் பேர். ஒரு டிஸ்க் செத்தால் ரெய்டு காப்பாற்றும். நீங்களே தவறுதலாக அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். மின்னல் அடித்தால் இரண்டும் ஒரே பெட்டியில்தான் இருக்கின்றன, ஐப்பசி இடி மழையைப் பார்த்தவருக்கு இதை விளக்க வேண்டாம். மூன்று பிரதிகள், இரண்டு வகை ஊடகம், ஒன்று வீட்டுக்கு வெளியே என்று ஒரு பழைய விதி உண்டு. அதைவிட நல்ல விதியை நான் பார்க்கவில்லை. வெளியே என்பதற்கு மாதாமாதம் பணம் கட்டித்தான் ஆக வேண்டும் என்றில்லை. அண்ணன் வீட்டிலோ மாமனார் வீட்டிலோ ஒரு ராஸ்பெரி பையும் யுஎஸ்பி டிஸ்க்கும் வைத்து, டெயில்ஸ்கேல் வழியாக ரெஸ்டிக் என்ற பேக்கப் மென்பொருள் கொண்டு இரவில் அனுப்பலாம். ரெஸ்டிக் பூட்டியே அனுப்பும், அங்கிருப்பவர் பார்க்க முடியாது. மாறியவற்றை மட்டும் அனுப்புவதால் முதல் தடவைதான் நேரம் எடுக்கும். அந்த முதல் தடவையை டிஸ்க்கை உங்கள் வீட்டிலேயே வைத்து முடித்துவிட்டு அப்புறம் கொண்டுபோங்கள்.

இம்மிச், பேப்பர்லெஸ் இரண்டுக்கும் கோப்புகளோடு டேட்டாபேஸையும் எடுக்க வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டாபேஸின் ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்தால் திரும்ப வைக்கும்போது திறக்காமல் போகலாம், டம்ப் (டேட்டாபேஸே எழுதித் தரும் முழு நகல்) எடுத்து அதைத்தான் சேர்க்க வேண்டும். மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு பழைய படத்தைப் பேக்கப்பிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். ரெஸ்டிக்கின் பாஸ்வேர்டைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். அது வால்ட்வார்டனில் மட்டும் இருந்து, வால்ட்வார்டனின் பேக்கப் ரெஸ்டிக்கில் மட்டும் இருந்தால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

பலரும் யோசிக்காத ஒன்று: உங்களுக்கு ஏதாவது ஆகிவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் அந்தப் படங்களை எப்படி எடுப்பார்கள்? சர்வரின் டிஸ்க்கைக் கழற்றிக் கடைக்காரரிடம் கொடுத்தால், அவர் தன் விண்டோஸ் கணினியில் செருகுவார். லினக்ஸின் இஎக்ஸ்டி4 வடிவத்தை விண்டோஸ் தானாகப் படிக்காது. ஃபார்மட் செய்யவா என்று கேட்கும், அவரும் சரி என்று அமுக்கிவிட்டால் முடிந்தது கதை. அதனால் படங்களையும் பத்திரங்களையும் மட்டும் எக்ஸ்ஃபேட் வடிவத்தில் உள்ள சாதாரண வெளி டிஸ்க் ஒன்றில், வருடம், மாதம் என்று ஃபோல்டர் போட்டு, சில மாதங்களுக்கு ஒருமுறை காப்பி அடித்துக் கொடுத்துவிடுங்கள். எந்தக் கணினியிலும் திறக்கும், எந்தப் பாஸ்வேர்டும் வேண்டாம். பூட்டில்லாத பிரதி என்பதால் நகை வைக்கும் இடத்தில் இருக்கட்டும்.

கடைசியாக அந்தப் பழைய டெஸ்க்டாப். மினி பிசி வாங்கினாலும் அதைத் தூக்கிப் போடாதீர்கள். இந்தப் பொழுதுபோக்கின் சுவையே போட்டு உடைத்துப் பார்ப்பதில் இருக்கிறது, குடும்பப் படங்கள் ஓடும் எந்திரத்தில் அதைச் செய்யத்தான் கூடாது. டெஸ்க்டாப்பில், ஒரே எந்திரத்துக்குள் பல கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் போட்டு, குபெர்னெட்டிஸ் ஆகட்டும், இசட்எஃப்எஸ் ஆகட்டும், ஆசைப்பட்டதையெல்லாம் அதில் ஓட்டிப் பாருங்கள். வேண்டும்போது மட்டும், நெட்வொர்க் வழியே கணினியை ஆன் செய்யும் வேக்-ஆன்-லேன் மூலம் எழுப்பி, முடிந்ததும் அணைத்துவிட்டால் யூனிட்டும் ஏறாது. வீட்டுச் சர்வரில் சாதாரண டெபியனும் டாக்கர் கம்போஸும் போதும், ஒரே கோப்பில் எல்லா அமைப்புகளும் அடங்கும், எந்திரம் செத்தாலும் வேறொன்றில் மறுபடி எழுப்பிவிடலாம்.

இந்த வார இறுதியில் வாங்க எதுவும் வேண்டாம். அந்த டெஸ்க்டாப்பிலேயே டெபியன் போட்டு, ஜெல்லிஃபினும் டெயில்ஸ்கேலும் மட்டும் நிறுவி ஒரு பில் வரும் வரை ஓட்டிப் பாருங்கள். வாட் காட்டும் ஸ்மார்ட் பிளக் ஒன்று செருகினால் அது எவ்வளவு இழுக்கிறது என்பது கையோடு தெரிந்துவிடும். ப்ராசஸரின் மாடல் எண், அந்த வாட் கணக்கு, ரவுட்டரில் தெரியும் வான் முகவரியின் முதல் இரண்டு எண்கள் இவற்றைச் சொன்னால், அதையே வைத்துக்கொள்ளலாமா, மினி பிசிக்கு மாறுவது லாபமா என்று சொல்கிறேன்.